ஞாயிற்றுக்கிழமை மீன்

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் வைகுந்தன் இன்று என் கையில் சிக்கினார். அவருக்கு இன்னும் தெரியாது.

காலையில் மீன் ஆராய்ச்சி மையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மீனின் பெயரையும் ஊரையும் தேர்ந்தெடுத்து வருடத்தை இழுத்துவிட்டால் படம் தானாக மாறும். வெள்ளமுனைத் துறை, சாளை, 2014 ஜனவரி என்று போட்டேன். 41,912 கிலோ என்றது. டிசம்பரில் இதே இடத்தில் பார்த்து நான் குறித்து வைத்தது 41,280. பதினோரு வருடத்துக்கு முன் கரையேறி, விற்று, தின்று தீர்ந்த மீன், இந்த இரண்டு மாதத்தில் எப்படி அறுநூற்று முப்பத்திரண்டு கிலோ கூடும்?

அந்த ஜனவரியை எண்ணியவன் நான். மையத்தின் களப் பணியாளனாக வெள்ளமுனைத் துறையில் முப்பத்தோரு வருடம் கூடைகளை எண்ணியிருக்கிறேன். 2012-இல் கையில் தொடுதிரை டேப் கொடுத்தார்கள். அதிலும் அடித்தேன், நோட்டிலும் எழுதினேன். கார்பன் வைத்து எழுதிய நகல்கள் முழுவதும் என் பீரோவில் இருக்கின்றன.

டாக்டர் வைகுந்தன் தயாரித்த அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "2012-க்கு முந்தைய களப் பதிவுகள் நம்பகத்தன்மை குறைந்தவை." பெயர் போடவில்லை. போட வேண்டியதில்லை. அந்தத் துறையில் இருந்தது நான் ஒருவன்தான்.

2016-இல் மீட்டிங் நடக்கும்போது எல்லோர் முன்னாலும் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் கடற்கரைக்குப் போய் எழுதுனதா, வீட்டுல உக்காந்து எழுதுனதா?" என்று கேட்ட மேலதிகாரி இவர்தான். சிரித்தார்கள். அடுத்த வாரமே என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார். கடைசி இரண்டு வருடம் ஃபார்மலின் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி ஓய்வு பெற்றேன்.

அந்த வாக்கியத்தை அவர் கையாலேயே அழிக்க வைப்பேன். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

பிப்ரவரி 10, திங்கள்

என் வேலைமுறையை எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் வந்து கேட்கக்கூடாது.

மூன்று ஃபோல்டர். முதலாவது மூலம்: நோட்டில் உள்ளதை உள்ளபடி அடித்த ஃபைல்கள். அதைக் கையால் தொடுவதில்லை. தப்பு இருந்தாலும் தொடுவதில்லை. இரண்டாவது புரோகிராம்: எந்தத் திருத்தமானாலும் அங்கே வரியாக எழுதப்பட்டிருக்கும், யாரும் படிக்கலாம். மூன்றாவது விளைவு: அதை முழுக்க அழித்தாலும் கவலையில்லை, புரோகிராமை ஓட்டினால் அதே எண்கள் திரும்ப வரும். யார் ஓட்டினாலும், எந்த ஊரில் ஓட்டினாலும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுக்கிறேன். ஃபைலைக் கொடுத்தால் கணினி ஒரு நீளமான எண்ணைத் தரும். ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் அடியோடு மாறிவிடும். மையத்தின் ஃபைலை இந்த வாரம் இரண்டு தடவை இறக்கினேன். இரண்டு கைரேகை. எதை ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரி குறிப்புகூட இல்லை.

இதையெல்லாம் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அறுபத்தோரு வயதில், இலவசமாகக் கிடைத்த ஒரு கையேட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துப் படித்தேன்.

பெர்னத் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பெஞ்சாதி கைரேகை எப்படி இருக்கும்னு தெரியாது, ஃபைலுக்குக் கைரேகை பாக்காரு" என்று போனாள். நாற்பது வருடமாக இப்படித்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கணினியைத் திறந்தேன். மையத்தின் ஃபைலில் மாதக் கணக்கை விட்டுவிட்டு நாள் கணக்கைப் பார்த்தேன்.

2014 ஜனவரி 5: சாளை 1,340 கிலோ. ஜனவரி 12: 1,340 கிலோ. ஜனவரி 19: 1,340. ஜனவரி 26: 1,340.

நான்கும் ஞாயிற்றுக்கிழமை!

இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவனும் வலை எடுக்கமாட்டான். கோயில் மணி அடிக்கும், வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடக்கும். பங்குச்சாமியாரே விசேஷ அனுமதி கொடுத்தால் ஒழிய ஒரு கட்டுமரம் இறங்காது. ஞாயிறுதோறும் துறையைப் பார்த்துவிட்டு நான் பூஜ்யம் எழுதுவேன். டேப்பிலும் பூஜ்யம்தான் அடித்தேன். போகாத நாளைக் காலியாக விட வேண்டும், போய் மீன் இல்லாத நாளுக்குப் பூஜ்யம் போட வேண்டும். முதல் நாள் வேலையிலேயே சொல்லிக்கொடுத்தது அது.

டாக்டரின் புரோகிராம் பூஜ்யத்தையெல்லாம் "பதிவு இல்லை" என்று எடுத்துக்கொண்டு, பல வருட சராசரியைப் போட்டு நிரப்பியிருக்கிறது. புது வருடக் கணக்கு சேரும்போதெல்லாம் சராசரி மாறும், பழைய வருடத்து மீனும் கூடும். 2012-க்கு முந்தைய எண்கள் அச்சிட்ட அறிக்கையிலிருந்து எடுத்தவை, அவற்றை நிரப்பவில்லை. அதனால்தான் 2012-க்குப் பிறகு சாளை மளமளவென்று ஏறுவதாகப் படம் காட்டுகிறது.

டாக்டரே, வெள்ளமுனையில் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்த ஒரே ஆள் நீர்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

மீன்துறை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மார்ச் 21 வெள்ளிக்கிழமை சமூகக்கூடத்தில் கருத்துக்கேட்பு. சாளை பெருகியிருப்பதால் வெளியூர்ப் பெரிய வலைப் படகுகள் பன்னிரண்டுக்கு நம் கரையோரத்தில் அனுமதி தரலாமா என்று கேட்கப்போகிறார்கள். ஆதாரம், மையத்தின் பக்கம். விளக்குபவர், டாக்டர் வைகுந்தன். ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு வாரம் முன்பே ஆதாரத்தோடு மீன்துறைக்கும் மையத்துக்கும் நகல் அனுப்ப வேண்டும்.

பெரிய வலை வந்தால் வள்ளக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். அது எனக்கும் வருத்தம். ஆனால் உண்மையைச் சொன்னால், நோட்டீஸில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அவர் பெயரை.

நானும் ஓர் இணையப் பக்கம் செய்கிறேன். அவருடைய படம்தான், அதில் ஒரு பொத்தான் கூடுதல்: "ஞாயிற்றுக்கிழமை: நிரப்பியபடி / பூஜ்யம்." அழுத்தினால் கோடு மாறும். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

என் ஃபைலையும் சோதிக்க வேண்டுமல்லவா? ஒரு புரோகிராம் எழுதினேன்: ஞாயிறு அன்று மீன் இருந்தால் எனக்குச் சொல்.

முப்பத்தோரு வருடத்தில் மூன்று ஞாயிறு வந்தது. இரண்டுக்கு விளக்கம் உண்டு. புயல் முடிந்து பட்டினியாகக் கிடந்த வாரங்கள், சாமியார் அனுமதித்தார், நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது 2011 ஜூலை 17. சாளை, 46 கூடை.

அடிக்கும்போது வந்த தட்டச்சுப் பிழை.

பிப்ரவரி 28, வெள்ளி

கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன். 46 என்றுதான் இருக்கிறது. என் கையெழுத்து.

அந்த மாதம் எனக்கு மஞ்சள்காமாலை. சில நாள் துறைக்குப் போக முடியவில்லை. கிழமை தவறியிருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

பெர்னத்திடம் பேச்சுவாக்கில் கேட்டேன், 2011-இல் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது எந்த மாதம் என்று.

"உமக்கா? உமக்கு எப்ப வந்தது மஞ்சக்காமாலை?"

"ஜூலையில."

"ஜூலையில உமக்கு வந்தது வீம்பு" என்றாள். "ஏலக்காரர் அம்புறோஸ்கூட அரைக்கூடைக்குச் சண்டை போட்டுட்டு, அவன் மன்னிப்புக் கேக்காம துறையில கால் வைக்கமாட்டேன்னு வீட்டுக்குள்ள இருந்தீரே. பத்தொம்பது நாள்! அடுக்களையில வந்து உப்பு கூடிப்போச்சு, புளி குறைஞ்சுபோச்சுன்னு என் உயிரை எடுத்தீரு. இருபதாம் நாள் நான்தான் குடையைக் கையில குடுத்து வெளிய தள்ளிக் கதவைச் சாத்துனேன்."

அரைக்கூடையை ஒரு கூடையாக எண்ணச் சொன்னான் அம்புறோஸ். மாட்டேன் என்றேன். "நீரு மீனை எண்ண வந்தீரா, என் பாவத்தை எண்ண வந்தீரா" என்று நோட்டைப் பிடுங்கி அலையில் எறிந்தான். பிறகு நான் என்ன செய்வது? நோட்டு காலியாக இருந்தால் மையத்தில் கேட்பார்கள். கேட்டால் சண்டையைச் சொல்ல வேண்டும். முந்தைய வருட ஜூலையைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து எழுதினேன்.

ஜூலை 6 முதல் 24 வரை. அதில் 10-ஆம் தேதியும் 24-ஆம் தேதியும் ஞாயிறு, பூஜ்யம் என்று சரியாகவே எழுதியிருக்கிறேன். அவை உண்மைதான்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து 46-ஐ 0 ஆக்கினேன். மணி பத்து பத்து.

கைரேகை எடுத்தேன். வேறு எண்.

பத்து இருபதுக்கு 46-ஐத் திரும்பப் போட்டேன். பழைய கைரேகை வந்தது.

இதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

மார்ச் 8, சனி

ஏலக்காரனிடம் அந்த வருடத்துச் சிட்டை இருந்தால் உண்மையான கூடை எண்ணிக்கை கிடைக்கும். அந்த நாட்கள் நோட்டில் காலி என்று நினைத்துக்கொண்டு பெர்னத் மூன்று நாளாக இதையே சொல்கிறாள். பதினான்கு வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதன். போனேன். வலைக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஓய், கணக்கரு! வழி தவறி வந்தீரா?"

"2011 ஜூலை சிட்டை இருக்கா?"

"எதுக்கு?"

சொன்னேன். பத்தொன்பது நாளையும் சொன்னேன். அவன் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

"நான் நினைச்சேன், உம்ம ஆபீஸ்ல வேற யாரையோ மறைவா நிக்க வச்சு எண்ணுறாங்கன்னு. பத்தொம்பது நாளும் பயந்து பயந்து கூடையை ரொப்பினேன் ஓய்! என் சீவியத்துல அப்படி நேர்மையா ஏலம் போட்டது இல்ல."

"சிட்டை?"

"அது கரையான் தின்னு பன்னெண்டு வருசம் ஆச்சு." பிறகு, "மன்னிப்புக் கேக்கணுமா இப்ப?" என்றான்.

"வேண்டாம்" என்றேன். கேட்டிருந்தால் வாங்கியிருப்பேனா என்பது தெரியவில்லை. கேட்கும் ஆளும் இல்லை அவன்.

மார்ச் 12, புதன்

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். மூலம், புரோகிராம், விளைவு, கைரேகைகள். ஒன்று மீன்துறைக்கு, ஒன்று மையத்துக்கு. மூலத்தில் 46 அப்படியே இருக்கிறது. பத்தொன்பது நாளைப் பற்றிக் கடிதத்தில் எழுதவில்லை. பதினோராயிரத்துச் சொச்ச வரியில் ஒரு வரி. டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கத் தெரிந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

மார்ச் 14, வெள்ளி

பார்த்துவிட்டார்.

காலை பதினொன்றுக்குப் போன் வந்தது. "மிஸ்டர் ததேயு, நல்லா இருக்கீங்களா? அனுப்பினதைப் பார்த்தேன். ரொம்ப நல்ல வேலை. அதுவும் இந்த வயசுல..."

"வயசை விடுங்க சார்."

"சரி. ஞாயிறு விஷயம் எங்க பக்கம் ஒரு சின்னக் கவனக்குறைவு. கருத்துக்கேட்பு முடியட்டும், நாங்களே சரி பண்ணிடுவோம். ஆனா நீங்க எழுதுன சோதனையை உங்க ஃபைல் மேலயே நானும் ஓட்டிப் பார்த்தேன். 2011 ஜூலை 17. நாப்பத்தாறு கூடை. அது என்ன?"

கார்பன் நகல் இருந்த பீரோவைப் பார்த்தேன்.

"அதுக்கு முன்னால பின்னால உள்ள நாளையும் பார்த்தேன். 2010 ஜூலை மாதிரியே இருக்கு, அஞ்சு கூடை முன்ன பின்ன. நான் அன்னைக்குக் கேட்டது தப்பில்லை போலிருக்கே."

"சார்..."

"நான் இதைப் பெரிசாக்கப் போறதில்லை. நீங்களும் ஞாயிறைப் பெரிசாக்காதீங்க. ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிடுங்க. அந்த வாக்கியம் உங்களை ரொம்ப உறுத்துது, இல்லையா? இன்னைக்கே எடுத்துடறேன். பக்கத்துல உங்க பேரையும் போடுவோம். களப் பதிவு, ஏ. ததேயு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எட்டு வருடமாக நான் கேட்டது அத்தனையும் தட்டில் வைத்து நீட்டுகிறார். பெயர்கூட.

மார்ச் 15, சனி

வாழைக்கு மண் அணைத்தேன். கிணற்று மோட்டார் ரிப்பேர். எதுவும் முடிவாகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பெர்னத்திடம் சொன்னேன். சண்டையைப் பற்றி அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்தே எண்களை எழுதினேன் என்பது தெரியாது. கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த டாக்டர் கேட்டது நிசமா?"

"பத்தொம்பது நாளைக்கு நிசம்."

"எட்டு வருசமா அந்த ஆளைத் திட்டித் திட்டி என்னைச் சோறு திங்க விடலியே நீரு! சரி, அவரு சொல்லுததைக் கேட்டுட்டு விடும். பேரு வருதுல்ல?"

"பேரு வரும். அவரும் மேடையில நின்னு படம் காட்டிட்டுப் போவாரு."

"போனா போட்டும்!"

போகக்கூடாது. அதுதான் விஷயம். அவர் கையில் இருக்கும் ஒரே கத்தி என்னுடைய பத்தொன்பது நாள். அதை நானே எடுத்து என் வயிற்றில் குத்திக்கொண்டால் அவர் வெறும் கையோடு நிற்க வேண்டும்.

மூலத்தைத் தொடவில்லை. தனியாக ஒரு ஃபைல் போட்டேன்: தேதி, நோட்டில் உள்ள எண், காரணம். பத்தொன்பது வரி. பக்கத்தில் இன்னொரு பொத்தான் வைத்தேன்: "ததேயு துறைக்குப் போகாமல் எழுதிய நாட்கள்: சேர் / நீக்கு." 10-ஐயும் 24-ஐயும்கூடச் சேர்த்துவிட்டேன். பூஜ்யம் சரிதான். ஆனால் நான் போய்ப் பார்க்கவில்லை.

காரணம் என்ற இடத்தில் "உடல்நலக் குறைவு" என்று அடித்திருந்தேன். பெர்னத் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அழித்துவிட்டுக் "கோபம்" என்று பத்தொன்பது தடவை அடித்தேன்.

இரண்டு இடத்துக்கும் அனுப்பியாயிற்று. டாக்டருக்குப் போனில் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

மார்ச் 21, வெள்ளி

கூடம் நிறைந்துவிட்டது. பெர்னத் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். கோடு ஏறியது. மீன்துறை அதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டார்.

முதலில் என் பொத்தானைக் காட்டினேன். "2011 ஜூலை 6 முதல் 24 வரை நான் துறைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து எழுதினேன். அது பொய்க் கணக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்தில் சலசலப்பு. என்னைத் தெரிந்த முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. பெர்னத் மடியைப் பார்த்தாள்.

"காரணம் கோபம்னு போட்டிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

பின்னாலிருந்து அம்புறோஸ் எழுந்தான். "எழுதிக்கிடுங்க அம்மா, அந்தக் கோபம் எம்மேல! சாட்சி நான்!"

கூடமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

அடங்கியதும், "சார், அடுத்த பொத்தானை நீங்க அழுத்துங்க" என்று மவுஸை டாக்டர் பக்கம் நகர்த்தினேன். "உங்க ஃபைல்தான் சார். நேத்து இறக்கினது. உங்க எண்ணுதான்."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "அழுத்துங்க" என்றார். அழுத்தினார். ஞாயிறுகள் பூஜ்யமாயின. 2012-க்குப் பிறகு ஏறிய கோடு மெல்ல மடங்கி, 2012-இல் இருந்த இடத்துக்கும் கீழே போய் நின்றது.

"விடுபட்ட நாட்களை நிரப்புவது உலகம் முழுக்க உள்ள நடைமுறை" என்றார் டாக்டர்.

மீன் விற்கும் சிசிலி எழுந்து கேட்டாள்: "எது சார் விடுபட்டது? நாங்க பூசைக்குல்லா போனோம்!"

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். இரண்டு எட்டு தூரத்தில் நின்று, முழுவதும் பார்த்தேன்.

என் பத்தொன்பது நாளைச் சொல்லி அவர் ஏதோ தொடங்கினார். "அதை அவரே சொல்லிட்டாரே, நீங்க உங்களதைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. அவர் முடிவு: அனுமதி நிறுத்திவைப்பு. கணக்கை ஞாயிறு நீக்கித் திரும்ப ஓட்ட வேண்டும். அந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும். அதற்குப் பதில் என் பத்தொன்பது நாளும் தேதியோடு பக்கத்தில் வர வேண்டும், பதிவாளர் ததேயுவின் சொந்த வாக்குமூலப்படி என்று.

வெளியே வேப்பமரத்தடியில் டாக்டர் என்னிடம் வந்தார். "சாரி, மிஸ்டர் ததேயு. அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"என்கிட்ட எதுக்கு சார்? அந்த மீட்டிங்ல இருந்தவங்க பதினோரு பேரு. மூணு பேரு செத்தாச்சு. மீதி எட்டுப் பேருக்கும் போன் பண்ணி, ததேயு முப்பத்தோரு வருசம் கடற்கரைக்குப் போய் எழுதினான்னு சொல்லுங்க. பத்தொம்பது நாளையும் சேர்த்தே சொல்லுங்க. நம்பரெல்லாம் ஃபைலாப் போட்டு அனுப்புறேன்."

"இது கொஞ்சம் ஓவரா இல்லையா?"

"இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது பெர்னத் எனக்குப் பத்தடி முன்னால் போனாள். கோயில் முக்கில் நின்று, "எல்லாரும் என்னைப் பாக்காங்க" என்றாள். பிறகு, "சிசிலி கேட்டா பாத்தீரா, அந்தாளு மூஞ்சி போன போக்கு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடு வரைக்கும் சிரித்தாள்.

மார்ச் 27, வியாழன்

பொன்னையன் போன் பண்ணினான். மையத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன்.

"வைகுந்தன் சார் கூப்பிட்டாரு ஓய். நீரு ஒழுங்காத் துறைக்குப் போய்த்தான் எழுதுனீருன்னு சொல்லுதாரு. பத்தொம்பது நாள் மட்டும் போகலியாம், அதை நீரே சபையில சொன்னீராம். எதுக்கு ஓய் இப்ப இதெல்லாம்? அன்னைக்கு அவரு என்ன கேட்டாருன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

"நீரு சிரிச்சீரு."

"நானா? சிரிச்சிருப்பேன். மேலதிகாரி சொன்னா எல்லாரும் சிரிக்கத்தானே செய்வோம். மத்தவங்களுக்கும் ஞாபகம் இருக்காது ஓய்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். எட்டு வருடம்.

"வேற யாரெல்லாம் உம்மைக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டான்.

"உம்மோட அஞ்சு. இன்னும் மூணு பேரு இருக்கு."

"போதும் ஓய், விட்டுரும். பாவம் அந்த மனுசன்."

மூன்று பேரின் நம்பரையும் டாக்டருக்கு இன்னொரு தடவை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.